இல்லை என்று சொல்லும் கணிப்பொறி

மாணவ நண்பர்களே, கணிப்பொறியோடு பழகத் தொடங்குகின்ற எவரும் முதல் வாரத்திலேயே எதிர்கொள்ளும் வாசகம் ஒன்று உண்டு. 'அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை' என்பதே அது. பைதான் மொழியில் நான்கு வரி எழுதி, மதிப்பெண் பட்டியல் ஒன்றைத் திறந்து கூட்டிச் சொல்லுமாறு ஏவுகிறீர்கள், கணிப்பொறி கூட்டவில்லை, சிவந்த எழுத்தில் இவ்வாசகத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. பட்டியலோ உங்கள் கண்ணெதிரே திரையில் இருக்கிறது. 'இதோ இருக்கிறதே, இல்லை என்கிறாயே' என்று கணிப்பொறியோடு வாதாடும் மாணவர் பலரை நான் பார்த்திருக்கிறேன். வாதாடுவதில் தவறில்லை. ஆயினும், அது 'இல்லை' என்று சொல்லும்போது எதனை இல்லை என்கிறது, எந்த இடத்தில் நின்றுகொண்டு இல்லை என்கிறது என்பதை அறிந்துகொண்டு வாதாடுவது நன்று. அதனைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

தமிழ்நாட்டு மேனிலை இரண்டாம் ஆண்டுக் கணிப்பொறி அறிவியலுக்கு 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த பாடநூலில் பைதான் மொழியும், 'சிஎஸ்வி' எனப்படும் காற்புள்ளியால் பிரித்த பட்டியற் கோப்புகளைக் கையாளும் முறையும் பாடமாயின. ஆகவே இஃது அயல்நாட்டு அறிஞர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. செஞ்சியிலும் சேத்துப்பட்டிலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கும் உரியது. வானொலியில் கரும்பலகை கிடையாது. ஆதலால் கட்டளைகளை எழுதிக் காட்டாமல் வாயால் சொல்லியே விளக்குகிறேன்.

முதலில் பாதை என்பது யாது என்று பார்ப்போம். கோப்பு ஒன்றின் பாதை என்பது அதன் பெயர் மட்டுமன்று; அதனைச் சென்றடையும் வழியும் சேர்ந்ததே பாதை. நான் வாழும் செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கோட்டை கட்டியிருக்கிறார்கள். 2025-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்ட பன்னிரண்டு மராத்தியக் கோட்டைகளுள், மகாராட்டிரத்துக்கு வெளியே இருப்பது இஃதொன்றே. ராஜகிரியின் உச்சியில் அரங்கநாதர் கோயில் ஒன்று உண்டு. செஞ்சியை அடுத்த சிங்கவரத்திலும் அரங்கநாதர் கோயில் உண்டு. வெளியூரார் ஒருவரிடம் 'அரங்கநாதர் கோயிலுக்குப் போய் வா' என்று மட்டும் சொல்லியனுப்பினால் அவர் எங்கே போவார்? செஞ்சி, கோட்டை, ராஜகிரி, உச்சி, கோயில் என்று ஒவ்வொரு படியாகச் சொன்னால் ஐயம் எழாது. கணிப்பொறியில் இப்படிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவதற்குச் சாய்கோடு இடுகிறோம். லினக்ஸ், ஆப்பிள் கணிப்பொறிகளில் முன்சாய்கோடு; விண்டோஸில் வழக்கமாகப் பின்சாய்கோடு.

வேரிலிருந்து தொடங்கி முழு வழியையும் சொல்வது முழுப்பாதை. நிற்கும் இடத்திலிருந்து மட்டும் சொல்வது சார்புப்பாதை. புதியவர்களைப் பெரும்பாலும் இடறச் செய்வது இந்தச் சார்புப்பாதையே. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் நின்று 'கிருஷ்ணகிரிக்கு எப்படிப் போவது?' என்று கேட்டால், வடக்கே தெரியும் குன்றைக் கை நீட்டிக் காட்டுவார்கள். தருமபுரிப் பேருந்து நிலையத்தில் அதே கேள்வியைக் கேட்டால், 2004-ஆம் ஆண்டு தனி மாவட்டத்தின் தலைநகரான ஊருக்குச் செல்லும் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். இரு சாராரும் பொய் சொல்லவில்லை. சொல் ஒன்றே, நின்ற இடம் வேறு.

நிரல் ஒன்று இயங்கும்போது அதற்கும் 'நிற்கும் இடம்' ஒன்று உண்டு. அதனை நடப்புக் கோப்புறை என்பர். நீங்கள் 'மதிப்பெண்' என்று வெறும் பெயரைக் கொடுத்தால், கணிப்பொறி அந்த நடப்புக் கோப்புறையில் மட்டுமே தேடும். உங்கள் நிரற்கோப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்காது. 'ஐடில்' என்னும் பைதான் எழுதுகளத்தில் நிரலைத் திறந்து இயக்கினால், நிரல் இருக்கும் கோப்புறையையே நடப்புக் கோப்புறையாக அது ஆக்கிக்கொள்கிறது. பட்டியல் பக்கத்திலேயே இருப்பதால் கிடைத்துவிடுகிறது. அதே நிரலைக் கட்டளைத் திரையில் வேறோர் இடத்தில் நின்றுகொண்டு இயக்குங்கள். 'இல்லை' என்று வரும். லினக்ஸில் 'கிரான்' என்னும் காலங்காட்டும் ஏவலாளிடம் ஒப்படைத்து நள்ளிரவில் இயங்கச் செய்தால், நடப்புக் கோப்புறை வழக்கமாகப் பயனரின் இல்லக் கோப்புறையாக இருக்கும். அங்கும் 'இல்லை' என்று வரும். ஒரே நிரல், ஒரே பட்டியல். மூவிடத்து ஏவலுக்கு இருவகை விடை. 'நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை' என்னும் முறையீடுகளில் பெரும்பகுதி இதிலேயே அடங்கும் என்பது என் கணிப்பு. இதற்கு மருந்து எளிது. நிரலே தன் இருப்பிடத்தை அறிந்து, அதிலிருந்து பாதையை அமைத்துக்கொள்ளுமாறு எழுதிவிட வேண்டும். பைதானில் 2014-ஆம் ஆண்டு 3.4 பதிப்பிலிருந்து வரும் 'பாத்லிப்' என்னும் நூலகம் இதற்கு மிகவும் உதவும். அவ்வாறு எழுத மனமில்லையாயினும், பிழை காட்டும்போது வெறும் பெயரைக் காட்டாமல் முழுப்பாதையையும் காட்டுமாறு செய்யுங்கள். முழுப்பாதையைக் கண்டவுடனே நம்மில் பலருக்கு நோய் விளங்கிவிடும்.

இனி, நின்ற இடம் சரியாக இருந்தும் 'இல்லை' என்று வருவது உண்டு. ராஜகிரியின் உச்சியை அடைவதற்குச் சற்று முன்னே மலை பிளந்து ஒரு பெரும்பள்ளம் கிடக்கிறது. அதன்மேல் பாலம் இட்டிருக்கிறார்கள். பழங்காலத்தில் பகைவர் வரும்போது அம்மரப்பாலத்தை எடுத்துவிட்டால் மேலே செல்ல வழியே இராது. பாலம் இல்லாத நாளில் உச்சிக்கு அனுப்பப்பட்ட ஏவலாள் திரும்பி வந்து 'கோயில் கிடைக்கவில்லை' என்று சொன்னால், கோயில் இடிந்துவிட்டது என்று கொள்ளலாமா? கணிப்பொறியின் வாசகமும் இத்தகையதே. 'கோப்போ கோப்புறையோ இல்லை' என்று அது சேர்த்துச் சொல்வதைக் கவனியுங்கள். இறுதியிலுள்ள கோப்பு இல்லாவிட்டாலும், இடையிலுள்ள கோப்புறை ஒன்று இல்லாவிட்டாலும் வாசகம் ஒன்றுதான். எந்தப் படியில் வழி அறுந்தது என்று அது சொல்வதில்லை. ஆகவே வேரிலிருந்து ஒவ்வொரு படியாக 'இது உண்டா, இது உண்டா' என்று வினவிக்கொண்டே வந்தால், அறுந்த இடம் ஐந்து நிமிடத்தில் அகப்பட்டுவிடும்.

முன்பு இருந்து பின்பு இடம்பெயர்ந்தவையும் உண்டு. செஞ்சி வேங்கடரமணர் கோயிலில் நின்ற தூண்கள் சில இன்று புதுச்சேரிக் கடற்கரையில் நிற்கின்றன. 1750 முதல் 1761 வரை செஞ்சி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது, கொண்டுபோனவர்கள் அவர்களே. பழைய குறிப்பை வைத்துக்கொண்டு கோயிலில் அத்தூண்களைத் தேடுபவர்க்கு என்ன கிடைக்கும்? கோப்புகளையும் நாம் இப்படித்தான் 'ஒழுங்குபடுத்துகிறோம்' என்று சொல்லி வேறு கோப்புறைக்கு மாற்றிவிடுகிறோம். நிரலுக்குள் எழுதிய பழைய பாதை மட்டும் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது.

பெயரே மாறிவிடுவதும் உண்டு. விண்டோஸ் கணிப்பொறி, தானறிந்த கோப்பு வகைகளின் ஈற்றுப்பெயரை வழக்கமாக மறைத்துவிடுகிறது. அது மறைந்திருப்பதை அறியாத ஒருவர், சேமிக்கும்போது தாமும் ஒருமுறை 'சிஎஸ்வி' என்று ஈற்றில் எழுத, உண்மைப் பெயர் 'சிஎஸ்வி.சிஎஸ்வி' என்று இரட்டித்துவிடும். திரையிலோ ஒன்றே தெரியும். லினக்ஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு; விண்டோஸில் அவ்வேறுபாடு வழக்கமாகப் பாராட்டப்படுவதில்லை. வீட்டில் விண்டோஸில் ஓடிய நிரல் கல்லூரியின் லினக்ஸில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பின்சாய்கோட்டில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பைதானில் மேற்கோளுக்குள் பின்சாய்கோட்டை அடுத்து ஆங்கிலச் சிறிய எழுத்தாகிய 'என்' வந்தால் அது புதுவரி என்றும், 'டி' வந்தால் தத்தல் இடைவெளி என்றும் பொருள்படும். 'நோட்ஸ்', 'டெஸ்ட்' என்று கோப்புறைக்குப் பெயர் வைத்திருப்பவர்கள் இதில் வீழ்வார்கள். அப்போது விண்டோஸில் வருவது 'கோப்பு இல்லை' என்னும் 2-ஆம் எண் பிழையன்று. 'பொருந்தாத உள்ளீடு' என்னும் 22-ஆம் எண் பிழை. எண்ணைப் படிக்கும் பழக்கம் இருந்தால் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கென்றே அமைந்த ஓர் இடர்ப்பாட்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாடநூல்களில் இதற்கு இடம் கிடைப்பது அரிது. 'கோட்டை' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருங்குறி முறையில் ககரமெய்யின்மேல் ஏறிய ஓகாரத்தை இருவகையாக எழுதலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாக இடலாம். அல்லது முன்னே ஏகாரக் கொம்பு, பின்னே கால் என இரண்டு குறியீடுகளாக இடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். எத்துணைக் கூர்ந்து பார்த்தாலும் வேறுபாடு காண இயலாது. ஆனால் முதல்வகையில் அச்சொல்லுக்கு 6 குறியீடுகள். இரண்டாம் வகையில் 7. 'யூடிஎஃப்-8' என்னும் முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்வதால், ஒன்று 18 பைட்டு, மற்றொன்று 21 பைட்டு. லினக்ஸும் விண்டோஸும் பெயரைக் கண்ணால் பார்ப்பதில்லை, குறியீடுகளையே ஒப்பிடுகின்றன. ஆதலால் ஒரே கோப்புறையில் 'கோட்டை' என்னும் பெயருடைய கோப்புகள் இரண்டு அக்கம்பக்கமாக இருக்கவும் கூடும். ஒன்றைக் கேட்டால் மற்றொன்றைக் காட்டாமல் 'இல்லை' என்று சொல்லவும் கூடும். விசைப்பலகை மென்பொருள்கள் வேறுபடுவதாலும், ஆப்பிள் கணிப்பொறிகளில் முன்னாளில் வழங்கிய கோப்பு முறை பெயர்களைப் பிரித்தெழுதியே சேமித்ததாலும் இவ்விருவகை எழுத்தும் கலந்து வழங்குகின்றன.

இதற்குத் தீர்வு உண்டு. பைதானில் 'யூனிகோட்டேட்டா' என்னும் தொகுதி இருக்கிறது. பெயர்களை ஒரே வகைக்கு மாற்றி ஒப்பிடும் செயற்கூறு அதில் உண்டு. 'என்எஃப்சி' என்னும் சேர்த்தெழுதும் வகையைத் தேர்ந்தெடுத்து, கோப்புறையிலுள்ள பெயர்களையும் நாம் தேடும் பெயரையும் அவ்வகைக்கு மாற்றி ஒப்பிட்டால் மறைந்திருந்த கோப்பு வெளிப்படும். எனினும் ஒளகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிடுபவர்களையும், காலுக்குப் பதிலாக ரகரத்தை இடுபவர்களையும் இம்முறை காப்பாற்றாது. அவை ஒருங்குறிக் கணக்கில் வேறெழுத்துகளே. ஓலைச்சுவடிகளில் காலும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டமையால், சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர் பொருள் நோக்கிப் படித்துப் பிரித்துணர்ந்தார்கள். கணிப்பொறிக்குப் பொருள் நோக்கத் தெரியாது.

இவ்வளவும் காரணங்கள். இனி, நிரல் எழுதுபவன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருவோம். 'திறப்பதற்கு முன் கோப்பு உண்டா என்று கேட்டுப் பார். உண்டு என்றால் திற' என்பது எல்லோர்க்கும் முதலில் தோன்றும் வழி. பைதானில் 'எக்ஸிஸ்ட்ஸ்' என்னும் சோதனை இதற்காகவே உள்ளது. ஆனால் இச்சோதனை 'இல்லை' என்று சொன்னால், கோப்பு உண்மையாகவே இல்லை என்று பொருளாகாது. இடையிலுள்ள கோப்புறைக்குள் நுழைய உங்களுக்கு உரிமை இல்லாவிடினும் அது 'இல்லை' என்றே சொல்லக்கூடும். வாயில் அடைத்திருப்பதைக் கண்டு திரும்பியவன் 'உள்ளே ஒன்றும் இல்லை' என்று சொல்வது போன்றது அது. குறுக்குவழியாக வைத்த இணைப்பு இருந்து, அது சுட்டும் கோப்பு மறைந்திருந்தாலும் 'இல்லை' என்றே விடை வரும். 'உண்டு' என்னும் விடையிலும் ஐயம் உண்டு. அப்பெயரில் இருப்பது கோப்பாக இல்லாமல் கோப்புறையாக இருந்தாலும் 'உண்டு' என்றே அது சொல்லும்.

இதனினும் பெரிய குறை காலத்தைப் பற்றியது. சோதிக்கும் கணம் வேறு, திறக்கும் கணம் வேறு. இரண்டுக்கும் இடையே எவரேனும் நினைவுக்கோலைப் பிடுங்கிவிடலாம். பலர் பங்கிடும் கோப்புறையில் இன்னொருவர் அக்கோப்பை நீக்கிவிடலாம். ஆயிரத்தில் ஒருமுறை நிகழ்வது என்று இதனைத் தள்ளிவிட முடியாது. பாதுகாப்புத் துறையில் இவ்விடைவெளியை எதிரிகள் வேண்டுமென்றே பயன்படுத்திக்கொள்வதுண்டு; சோதித்தபோது ஒரு கோப்பு, திறந்தபோது வேறொரு கோப்பு என்று மாற்றிவிடுவார்கள்.

ஆகவே தேர்ந்தவர்கள், கேட்டுவிட்டுத் திறப்பதைவிட, நேரே திறக்க முயன்று, முடியாவிட்டால் வரும் பிழையைக் கையேந்தி வாங்கிக்கொள்வதையே விரும்புகிறார்கள். பைதானில் 'டிரை' என்னும் சொல்லின்கீழ்த் திறக்கும் வரியை எழுதி, 'எக்செப்ட்' என்னும் சொல்லின்கீழ்ப் பிழைக்குரிய செயலை எழுதுகிறோம். கோப்பு இல்லாமைக்கென்று 'ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர்' என்னும் தனிப்பெயர் 2012-ஆம் ஆண்டு வெளிவந்த 3.3 பதிப்பில் ஏற்பட்டது. உரிமை இல்லாமைக்கு 'பெர்மிஷன்எரர்' என்று வேறு பெயர். கோப்பு என்று எண்ணிக் கோப்புறையைத் திறந்தால் லினக்ஸில் அதற்கும் தனிப்பெயர் வரும். சோதனை எல்லாவற்றையும் ஒரே 'இல்லை'யாகச் சொல்கிறது. திறக்கும் முயற்சியோ காரணத்தைப் பிரித்துச் சொல்கிறது. முன்னதைக் காட்டிலும் பின்னதில் நமக்குக் கிடைக்கும் அறிவு மிகுதி.

சோதனையே வேண்டா என்று நான் சொல்லவில்லை. ஐந்து பட்டியல்களைப் படித்து அரைமணி நேரம் கணக்கிடும் நிரலாயின், தொடங்கும்போதே ஐந்தும் உண்டா என்று ஒருமுறை பார்த்து, இல்லாதவற்றையெல்லாம் ஒருங்கே சொல்லிவிடுவது மரியாதை. முதற்கோப்பு இல்லை என்று நின்று, அதைக் கொண்டுவந்து வைத்தபின் மூன்றாவது இல்லை என்று மறுபடியும் நிற்பது, அலுவலகங்களில் நாம் நன்கறிந்த அலைக்கழிப்பு. ஆனால் அம்முற்சோதனையை நம்பி, திறக்குமிடத்தில் பிழையைப் பிடிக்காமல் விட்டுவிடக் கூடாது.

பிடித்த பிழையை என்ன செய்வது என்பதில்தான் நிரலாசிரியனின் பண்பு வெளிப்படுகிறது. நானறிந்த ஒரு பள்ளியில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு மாணவர்க்கு மைய அரசின் வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வு ஒன்று உண்டு. அதில் தேறியவர்க்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், அஃதாவது நான்காண்டில் 48,000 ரூபாய் கிடைக்கும். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர் விண்ணப்பிக்கலாம். பட்டியல் இனத்தார், பழங்குடியினர்க்கு 50 விழுக்காடு போதும். தகுதியுடையோரைப் பிரித்தெடுக்க இளைய ஆசிரியர் ஒருவர் சிறுநிரல் எழுதினார். அ, ஆ, இ, ஈ என நான்கு பிரிவு, நான்கு பட்டியல். நிரல் ஒருமுறைகூட முணுமுணுக்காமல் ஓடி, அழகான பட்டியலைத் தந்தது. மறுநாள் அனுப்ப வேண்டும். அன்று மாலை வகுப்பாசிரியை ஒருவர் வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்தார். ஈ பிரிவுப் பிள்ளை ஒருவர்கூடப் பட்டியலில் இல்லை.

அப்பிரிவின் கோப்பு, நான் முன்னே சொன்ன இரட்டை ஈற்றுப்பெயரோடு சேமிக்கப்பட்டிருந்தது. ஆகவே நிரலுக்கு அது கிடைக்கவில்லை. கிடைக்காதபோது நிரல் என்ன செய்தது? 'எக்செப்ட்' என்று பெயர் சுட்டாமல் எழுதி, அதன்கீழ்ப் 'பாஸ்' என்று ஒரு சொல்லை வைத்திருந்தார்கள். 'எந்தப் பிழை வந்தாலும் வாய் திறவாமல் மேலே செல்' என்பது அதன் பொருள். சிவந்த எழுத்து வந்து தொல்லை தருகிறதென்று எவரோ சொல்லிக் கொடுத்த வித்தை அது. கணிப்பொறி சொன்ன உண்மையை நிரல் விழுங்கிவிட்டது. இரவிலேயே திருத்தி மறுநாள் சரியான பட்டியலை அனுப்பினார்கள். பதிவேட்டை எடுத்து எண்ணியவர் ஒருவர் இல்லாதிருந்தால், கூலி வேலைக்குப் போகும் தாய்தந்தையரின் பிள்ளைகள் பலர், தேர்வெழுதும் வாய்ப்பையே தாம் இழந்ததை அறியாமலே இருந்திருப்பர்.

பெயர் சுட்டாத 'எக்செப்ட்' என்பதை நான் வகுப்பறையில் அனுமதிக்கமாட்டேன். எந்தப் பிழையை எதிர்பார்க்கிறோமோ அதன் பெயரைச் சொல்லிப் பிடிக்க வேண்டும். 'டிரை' என்பதன்கீழ்த் திறக்கும் வரி மட்டும் இருக்கட்டும். கணக்கு முழுவதையும் அதற்குள் திணித்தால், உள்ளே வேறெங்கோ நேர்ந்த குறையையும் இக்கோப்பின் குறை என்று மயங்க நேரிடும். பிடித்தபின் செய்யத்தக்கவை சில. அக்கோப்பு இன்றியமையாததாயின், முழுப்பாதையைச் சொல்லி நிரலை நிறுத்த வேண்டும். நிறுத்தும்போது சுழியம் அல்லாத முடிவெண்ணைத் தந்து நிறுத்த வேண்டும். சுழியம் என்றால் நலம் என்பது ஏவுகின்ற மேல்நிரலுக்குத் தெரிந்த மொழி. கோப்பு விருப்பத்துக்குரியதாயின், அமைப்புக் குறிப்புகள் அடங்கிய கோப்பைப் போன்றதாயின், இயல்பான மதிப்புகளை வைத்துக்கொண்டு மேலே செல்லலாம். விட்டுவிட்டு மேலே செல்லத்தான் வேண்டும் என்றால், விடுபட்டவை எவை, எத்தனை என்று இறுதியில் அச்சிட வேண்டும். மேற்சொன்ன நிரல் '4 பட்டியலில் 3 படிக்கப்பட்டன' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதுமே!

வாய்மூடிச் செல்வதன் கேடு உலகளவிலும் ஒருமுறை வெளிப்பட்டது. 'ஸ்டீம்' என்னும் விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்போடு வந்த ஒரு சிறுநிரலைப் பற்றி 2015 ஜனவரியில் முறையீடு எழுந்தது. அந்நிரல் தன் கோப்புறைக்குள் சென்று, அதன் பாதையை ஒரு மாறியில் குறித்துக்கொள்ளும். பின்பு சில வேளைகளில் 'அப்பாதை, அதையடுத்துச் சாய்கோடு, அதற்குள் உள்ள அனைத்தும்' என்று சொல்லி அழிக்கும். கோப்புறைக்குள் செல்ல முடியாதபோது மாறி வெறுமையாயிற்று. வெறுமையை அடுத்துச் சாய்கோடு வந்தால் அது வேர்க் கோப்புறை அல்லவா? பயனர்க்கு உரிமையுள்ள கோப்புகள் அனைத்தையும் அது அழிக்கத் தொடங்கியது. முறையிட்டவர் காப்புக்கென்று இணைத்து வைத்திருந்த வெளிவட்டும் தப்பவில்லை. அழிக்கும் அவ்வரிக்கு மேலே, 'அச்சந்தருவது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எழுதியவரே குறிப்பாக வைத்திருந்தார். அச்சம் இருந்தது, மாறி வெறுமையா என்னும் சோதனைதான் இல்லை.

பிழை வந்து நின்ற இடங்களைப் பற்றியே இதுவரை பேசினோம். பிழை வரவேண்டிய இடத்தில் வராமற்போவதும் உண்டு, அதனையும் சொல்லிவிடுகிறேன். படிப்பதற்காகத் திறந்தால் கோப்பு இல்லை என்னும் பிழை எழும். எழுதுவதற்கென்று 'டபிள்யூ' முறையிலோ, ஈற்றில் சேர்ப்பதற்கென்று 'ஏ' முறையிலோ திறந்தால், கோப்பு இல்லாவிட்டால் கணிப்பொறி புதிதாக ஒன்றைப் படைத்துக்கொள்ளும். கோப்பின் பெயரில் ஓரெழுத்துப் பிழைத்திருந்தாலும், நடப்புக் கோப்புறை மாறியிருந்தாலும், வேறு பெயரிலோ வேறோர் இடத்திலோ புதுக்கோப்பு ஒன்று பிறந்து அதில் வருகை ஏறிக்கொண்டே போகும். உண்மையான பதிவேடு பழைய நாளோடு நின்றிருக்கும். 'டபிள்யூ' முறைக்கு இன்னொரு கொடுமையும் உண்டு: கோப்பு முன்பே இருந்தால் அதிலுள்ளதைத் துடைத்துவிட்டே தொடங்கும். இருக்கும் கோப்பை மட்டுமே திருத்த வேண்டும், இல்லாவிட்டால் பிழை காட்டவேண்டும் என்றால் 'ஆர்' எழுத்தோடு கூட்டற்குறி சேர்த்துத் திறவுங்கள். புதுக்கோப்பாகவே இருக்கவேண்டும், முன்பே இருந்தால் பிழை காட்டவேண்டும் என்றால் 3.3 பதிப்பிலிருந்து வரும் 'எக்ஸ்' முறையில் திறவுங்கள். நாளைப் பள்ளியின் கணிப்பொறிக் கூடத்திற்குப் போகும்போது, இல்லாத ஒரு பெயரை இந்நான்கு முறையிலும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, எது நிற்கிறது, எது நிற்காமல் புதுக்கோப்பைப் படைக்கிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அதன்பின் அதே பெயரில் கோப்புறை ஒன்றை உண்டாக்கி மறுபடியும் நான்கையும் முயன்று பாருங்கள். இரண்டாம் முறை வரும் பிழைகளின் பெயர்கள் விண்டோஸில் ஒருவகையாகவும் லினக்ஸில் வேறுவகையாகவும் இருக்கும்.